மாப்பிள்ளையும் எழுதிக் கொடுக்கட்டும்

வகுப்பில் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பதென்னவோ மருந்தியல். ஆனால் யார் எதைச் சொன்னாலும் "அது ஏன் அப்படி?" என்று ஒரு கேள்வியாவது கேட்காமல் அவளால் நகர முடியாது. பேராசிரியர்கள் அதற்குக் கொஞ்சம் பயந்தார்கள். கூடப் படிப்பவர்கள் தங்களுக்கு ஆக வேண்டிய காரியத்தையும் அவள் வாயை வைத்தே சாதித்துக் கொண்டார்கள்.

கடைசி வருஷத்தில் வகுப்பறை கிடையாது. கல்லூரியை ஒட்டிய ஆஸ்பத்திரியில் பிரிவு பிரிவாகப் போய்ப் பழக வேண்டும். அதற்கு ரொட்டேஷன் என்று பெயர். பெரும்பாலானவற்றைக் கல்லூரியே ஒதுக்கிவிடும். சிலதை மட்டும் மாணவர்கள் தேர்ந்தெடுக்கலாம், அது எலெக்டிவ். படிப்பு முடிந்ததும் மருந்துக்கடை வைக்கவோ கம்பெனிக்குப் போகவோ நினைப்பவர்களுக்கு எந்த எலெக்டிவ் கிடைத்தாலும் ஒன்றுதான். ரெசிடென்சிக்குப் போக நினைப்பவர்கள் கதை வேறு. ஆஸ்பத்திரியிலேயே இருந்து ஒரு துறையில் மேற்கொண்டு தேர்ச்சி பெறுகிற அந்த இடங்கள் மிகக் கொஞ்சம். அதற்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால், அந்தத் துறையில் நம்மிடம் வேலை வாங்கிய ஒருவர் "இந்தப் பிள்ளை தேறும்" என்று பரிந்துரை எழுதித் தர வேண்டும். அதனால் விண்ணப்பத் தேதிக்கு முன்னால் வருகிற முதல் எலெக்டிவ்தான் உயிர்நாடி.

வக்கீல் முதல் எலெக்டிவுக்குப் புற்றுநோய்ப் பிரிவைக் கேட்டிருந்தாள்.

அவளுக்கு அந்த ஆசை வந்தது பொது மருத்துவ வார்டில். தையல் வேலை செய்கிற ஒரு அம்மா காய்ச்சலோடு வந்து சேர்ந்திருந்தார். குடல் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். டாக்டர்கள் காய்ச்சலைப் பார்த்தார்கள். வக்கீல் அவர் கையைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது.

"ஊசி பிடிக்க முடியலம்மா. சொன்னா மாத்திரையை நிறுத்திடுவாங்களோன்னு சொல்லல," என்றார் அந்த அம்மா.

அது அந்த மாத்திரை செய்கிற வேலை. சில நாள் விட்டு, அளவைக் குறைத்துக் கொடுத்தால் சரியாகும். வக்கீல் டாக்டரிடம் சொன்னாள். அவரும் "நல்லவேளை பார்த்தே" என்று அளவைக் குறைத்து எழுதினார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது, பிழைப்பு இதுதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

மதிப்பெண் வரிசைப்படிதான் எலெக்டிவ் ஒதுக்கீடு. அவள் வரிசையில் முதல் ஆள். ஆகவே பட்டியல் ஒட்டப்பட்ட அன்று அவள் அவசரப்படவில்லை. அறிவிப்புப் பலகையின் முன்னாலிருந்த கூட்டம் கலையட்டும் என்று தேநீர் குடித்துவிட்டுத்தான் வந்தாள்.

அவள் பெயருக்கு நேரே "மருந்துத் தகவல் மையம்" என்று இருந்தது.

அந்த மையம் நூலகத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு தொலைபேசி, ஒரு கணினி, கடகடவென்று சுற்றும் ஒரு மின்விசிறி. மருந்து பற்றிச் சந்தேகம் வந்தால் டாக்டர்கள் அங்கே கூப்பிட்டுக் கேட்பார்கள் என்பது ஏட்டில். கைபேசியிலேயே தேடிக்கொள்வார்கள் என்பது நடப்பில். தொலைபேசி அடித்தால் பெரும்பாலும் தவறான எண்ணாக இருக்கும்.

புற்றுநோய்ப் பிரிவுக்கு நேரே மாப்பிள்ளையின் பெயர் இருந்தது.

அவன் அவர்கள் வகுப்புப் பையன்தான். அவளுக்குக் கல்யாணம் நடந்த அதே மாதம் அவனுக்கும் நடந்தது. அன்றிலிருந்து அவனுக்கு மாப்பிள்ளை என்றே பெயர் நிலைத்துவிட்டது. மருந்துக் கம்பெனியில் விற்பனைக்குப் போக வேண்டும் என்று முதல் வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவன். கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று கடைசி விருப்பமாகப் புற்றுநோய்ப் பிரிவை எழுதியிருந்தான்.

"எனக்கே தெரியாது வக்கீலே. நான் கேட்டது கம்பெனி எலெக்டிவ்," என்றான் அவன், கையைப் பிசைந்தபடி.

அவள் நேரே பயிற்சி ஒருங்கிணைப்பாளரின் அறைக்குப் போனாள். நல்ல மனிதர் என்று பெயர் வாங்கியவர். மாணவிகளை "என் பொண்ணு மாதிரி" என்பார்.

"வாம்மா, உக்காரு. உடம்பெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். என் எலெக்டிவ் மாறியிருக்கு."

"மாறல. பாத்துப் போட்டிருக்கேன்." அவர் பேனாவை மூடி வைத்தார். "புற்றுநோய் மருந்துன்னா சும்மாவா? படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததில்ல. புதுசா கல்யாணம் ஆனவ. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்தபோது காதுமடல் சுட்டது.

"சார், நான் கர்ப்பமா இல்ல."

"ஐயய்யோ, அதெல்லாம் நீ என்கிட்ட சொல்லணும்னு இல்லம்மா."

"அதை வெச்சுத்தானே சார் முடிவு பண்ணியிருக்கீங்க? அப்ப சொல்லித்தானே ஆகணும்?"

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. அவளா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன்."

"அவளைக் கேட்டுட்டாவது செஞ்சிருப்பீங்களா சார்?"

அவர் சிரித்துச் சமாளித்தார். அவள் விடவில்லை. "மாப்பிள்ளைக்கும் புதுசா கல்யாணம் ஆகியிருக்கு. அவனை ஏன் அங்க போட்டீங்க?"

"அவன் ஆம்பளைப் பையன்மா."

"ஆம்பளைக்கும் அந்த மருந்து ஆகாது சார். பிள்ளை பெத்துக்க நினைக்கிற ஆம்பளையும் ஜாக்கிரதையா இருக்கணும்னு நீங்கதான் பாடம் எடுத்தீங்க. பரீட்சையில வந்துச்சு. நான் பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கினேன்."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே ஒரே வகுப்பு, ஒரே மருந்து. குடம்தான் இரண்டு வகையாக இருந்தது.

ஒருங்கிணைப்பாளரின் முகத்தில் அந்த அப்பா களை மறைந்தது. "இங்க பாரு. நானா எதுவும் பண்ணல. உன் வீட்லேர்ந்தே வந்து சொன்னாங்க. உன் நாத்தனார்தான். பெரியவங்க சொல்லும்போது தட்ட முடியுமா?"

அவள் எழுந்து வெளியே வந்தாள்.

அவள் கணவன் லிப்ட் பழுது பார்க்கிறவன். மாலையில் வந்து, விரல்களில் அப்பியிருந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டான்.

"அக்காகிட்ட நான்தான் சொன்னேன்," என்றான். "பெருமையாத்தான் சொன்னேன். அவதான் முதல் மார்க்கு, கேன்சர் வார்டு கேட்டிருக்கான்னு. அக்கா ஒண்ணும் பேசல. டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டா. இப்படிப் போய்ச் சொல்லுவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க அக்காவுக்கு என் வயித்து மேல என்ன அக்கறை?"

அவன் துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினான். "நீயே கேளு. நான் சொல்ற விஷயம் இல்ல அது," என்றான்.

நாத்தனார் மாடியில் இருந்தாள். அதே ஆஸ்பத்திரியில் பில் போடும் கவுண்டரில் வேலை. அதற்கு முன் அங்கேயே நர்ஸாக இருந்தவள் என்று வக்கீலுக்குத் தெரியும். ஏன் நர்ஸ் வேலையை விட்டாள் என்று கேட்டதில்லை. முதுகுவலி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நாத்தனாருக்கும் அவள் கணவருக்கும் பிள்ளைகள் இல்லை. அதையும் யாரும் பேசுவதில்லை.

வக்கீல் படியேறிப் போனபோது நாத்தனார் காய்ந்த துணிகளைக் கட்டில் மேல் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, என் படிப்பு விஷயத்தை ஆபீஸ்ல போய்ப் பேச உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?"

"திட்டிக்கோ," என்றாள் நாத்தனார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "திட்டிட்டு அந்தத் தகவல் மையத்துல போய் நிம்மதியா உக்காரு."

"நான் கர்ப்பமா இல்ல. ஆகப் போறேன்னு உங்ககிட்ட சொன்னேனா?"

"நானும்தான் யார்கிட்டயும் சொல்லல. எனக்கே தெரியாது." ஒரு சட்டையின் கையை இழுத்து நேராக்கினாள். "அப்பல்லாம் அந்த மருந்தை நர்ஸுங்கதான் கலக்கணும். வார்டு மூலையில ஒரு மேசை. பக்கத்துல ஜன்னல் இருந்துச்சு. திறந்து வெச்சுக்கோங்கன்னு சொன்னாங்க, அவ்வளவுதான். கையுறை கேட்டா ஆபரேஷனுக்கே பத்தலன்னாங்க. ஊசியை இழுக்கும்போது கையில தெறிக்கும், சோப்புப் போட்டுக் கழுவிக்குவோம். முதல் தடவை கலைஞ்சப்போ விதின்னு நெனச்சேன். ரெண்டாவது தடவை, அதே வார்டுல இன்னொருத்திக்கும் கலைஞ்சுது. அப்புறம் எனக்கு நிக்கவே இல்ல."



"புகார் பண்ணலையா அண்ணி?"

"எந்த மருந்தால எந்தப் பிள்ளை போச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்னு கேட்டாங்க. அழுதேன். பாவம்னு பில் கவுண்டருக்கு மாத்தி விட்டாங்க. அப்ப ஆபீஸ்ல இருந்தவர்தான் இப்ப உனக்கு ஒருங்கிணைப்பாளர். என் தம்பி பொண்டாட்டியை அங்க அனுப்பாதீங்கன்னு சொன்னதும் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. சரிம்மான்னு உடனே சொல்லிட்டார்."

கோபத்தோடு ஏறி வந்தவளுக்கு அந்தக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. நாத்தனாரின் மேல் வைக்க முடியாது. ஆனால் அது தணியவும் இல்லை, இன்னும் பெரிதாகித்தான் போனது. கையுறை கொடுக்காமல் இவளுக்குக் கெடுதல் செய்தவர்கள், அந்தக் கெடுதலையே காரணமாகக் காட்டி இன்றைக்குத் தன்னை வெளியே நிறுத்துகிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"உங்களுக்கு நடந்தது அநியாயம் அண்ணி," என்றாள். "ஆனா அதுக்கு அவங்க செய்ய வேண்டியது மேசையை மாத்துறது. ஆளை மாத்துறது இல்ல."

நாத்தனார் மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தாள்.

மறுநாள் வக்கீல் புற்றுநோய்ப் பிரிவின் தலைமை மருந்தாளுநரைப் போய்ப் பார்த்தாள். வெடுக்கென்று பேசுகிறவர். சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றவளைப் பார்த்து முகம் சுளித்தார். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"என்னை யாரும் கேக்கலையே. எலெக்டிவ் வர்றவங்க காலையில டாக்டருங்களோட ரவுண்ட்ஸ் போகணும், ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டோஸ் சரிபார்க்கணும், நோயாளிங்ககிட்ட பேசணும். மருந்து கலக்குற ரூமுக்குள்ள போயே ஆகணும்னு இல்ல. போனாலும் முதல்ல பயிற்சி, அப்புறம் கவுன், ரெண்டு ஜோடி கையுறை, கண்ணாடிப் பெட்டிக்குள்ள கையை விட்டுத்தான் கலக்கணும். பிள்ளை பெத்துக்க நினைக்கிறவங்க, ஆணோ பெண்ணோ, அந்த வேலை வேணாம்னு சொல்லலாம். அவங்கதான் சொல்லணும். நாம சொல்லக் கூடாது."

"இதை முதல்வர்கிட்ட வந்து சொல்வீங்களா சார்?"

"எனக்கு வேலை கிடக்கு." ஒரு வாய் சாப்பிட்டார். "எப்ப வரணும்?"

முதல்வர் ஒரு அம்மையார். தானும் ஒரு காலத்தில் இதே கல்லூரியில் படித்து மேலே வந்தவர் என்பதால், அவராவது புரிந்துகொள்வார் என்று வக்கீல் நம்பினாள். ஒருங்கிணைப்பாளர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். தலைமை மருந்தாளுநர் உட்காராமலே தன் பிரிவின் விதிகளைச் சொல்லி முடித்தார். முதல்வர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"சரி, இடத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம்," என்றார். "ஆனா கல்லூரிக்கு ஒரு பாதுகாப்பு வேணும் இல்லையா? நீ இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடு."

ஒருங்கிணைப்பாளர் ஒரு தாளை நீட்டினார். முந்தின நாளே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். வக்கீல் அதை வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

"'பயிற்சிக் காலத்தில் நான் கருத்தரிக்க மாட்டேன் என்றும், கருத்தரித்தால் அதனால் விளையும் எதற்கும் கல்லூரியோ மருத்துவமனையோ பொறுப்பல்ல என்றும் இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.'"

தலைமை மருந்தாளுநர் கூரையைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போடறேன் மேடம்," என்றாள் வக்கீல். அழுகை வந்தால் எல்லாம் போச்சு என்று நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டாள். "இப்ப அந்த இடத்துல மாப்பிள்ளை பேரு இருக்கு. அவனுக்கும் ஒண்ணு அடிச்சுக் கொடுங்க. 'பயிற்சிக் காலத்தில் என் மனைவியைக் கருத்தரிக்க வைக்க மாட்டேன்'னு மாப்பிள்ளையும் எழுதிக் கொடுக்கட்டும். அவன் போட்ட அடுத்த நிமிஷம் நானும் போடறேன்."

"இதென்ன விதண்டாவாதம்?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"மருந்து ஒண்ணுதானே சார்? தாள் மட்டும் ஏன் எனக்கு?"

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இதை இத்தோடு முடித்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, "அந்தப் பையனைக் கூப்பிடுங்க," என்றார்.

மாப்பிள்ளை வந்தான். தன் இடத்தைப் பிடுங்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, "கொடுத்துடறேன் மேடம்" என்று உள்ளே நுழையும்போதே ஆரம்பித்தான். அவனும் இதே மாதிரி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை முதல்வர் சுற்றி வளைத்துச் சொன்னார். அவனுக்குப் பாதி புரிந்து பாதி புரியாமல், தாளை வாங்கிப் படித்தான். படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

"என்ன மேடம் இது? என் பொண்டாட்டிக்கும் எனக்கும் நடுவுல இருக்கிறதை நான் எதுக்கு இங்க எழுதிக் கொடுக்கணும்? இதைக் கேக்க யாருக்கு உரிமை இருக்கு? எங்க அப்பா இதைப் படிச்சா என்ன நினைப்பார்?"



அவன் சுற்றிலும் பார்த்தான். வக்கீலைப் பார்த்தான். "இதையா உன்கிட்ட கேட்டாங்க?" என்றான், குரல் இறங்கி.

"அதே தாள்தான்," என்றாள்.

அவன் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தான். முதல்வர் அதை இழுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. "ரெண்டு பேரையும் எடுத்துக்க முடியுமா?" என்று தலைமை மருந்தாளுநரிடம் கேட்டார்.

"வேலை செய்யறவங்களா இருந்தா எத்தனை பேரையும் எடுத்துக்குவேன்," என்று சொல்லிவிட்டு அவர் கதவைத் திறந்துகொண்டு போனார்.

மாப்பிள்ளை கம்பெனி எலெக்டிவே வேண்டும் என்று எழுதிக் கொடுத்து மாறிக்கொண்டான். வக்கீல் புற்றுநோய்ப் பிரிவில் சேர்ந்தாள். காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் குறித்து வைத்தாள். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு சாப்பிடுகிறவர்களுக்கு, முன்னாலேயே சாப்பிட வேண்டும் என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, நான்காவது விதத்தில் புரிய வைத்தாள். தலைமை மருந்தாளுநர் பாராட்டியதில்லை. தப்பு செய்தால் மட்டும் வாயைத் திறப்பார். போகப் போக அவர் வாய் மூடியே இருந்தது.

ஒருநாள் மத்தியானம் நாத்தனார் பில் கவுண்டரிலிருந்து மேலே வந்தாள். சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போயிருக்கிறாயே என்று சாக்கு. வக்கீல் அவளை மருந்து கலக்கும் அறையின் பார்வைக் கண்ணாடிக்கு அழைத்துப் போனாள். உள்ளே ஒரு பெண் முழங்கை வரை கையுறை போட்டு, காற்றை உறிஞ்சும் பெட்டிக்குள் கையை நீட்டி மருந்து கலந்துகொண்டிருந்தாள். நாத்தனார் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடியில் ஆவி படிந்தது.

"இது எல்லாம் அப்பவே உலகத்துல இருந்துச்சா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லலாமா என்று வக்கீல் ஒரு கணம் யோசித்தாள். "இருந்துச்சு அண்ணி," என்றாள்.

நாத்தனார் பாத்திரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, படிக்கட்டு வழியாக இறங்கிப் போனாள். லிப்டுக்கு நிற்கவில்லை.

தலைமை மருந்தாளுநர் நல்ல பரிந்துரை எழுதிக் கொடுத்தார். அது அந்த ஆஸ்பத்திரியில் உதவவில்லை. அங்கே ரெசிடென்சி தேர்வுக் குழுவில் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். "திறமை உண்டு, அனுசரித்துப் போகும் குணம் போதாது" என்று அவர் சொன்னதாக மாப்பிள்ளைதான் விசாரித்து வந்து சொன்னான். அவளை நேர்முகத்துக்கே அழைக்கவில்லை. வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில் அழைத்தார்கள். சிறுநீரகம் கெட்ட ஒரு நோயாளிக்கு எந்த மருந்தை எவ்வளவு குறைப்பாய் என்று கேட்டார்கள். ஒரு பதிலுக்கு, கேள்வி கேட்ட மூன்று பேரும் அவளோடு வாதாடினார்கள். அவளும் விடாமல் வாதாடினாள். சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று ரயிலில் வரும் வழியெல்லாம் வருந்தினாள். அடுத்த வாரம் இடம் கிடைத்த செய்தி வந்தது.

"லிப்ட் இல்லாத ஊரா இருந்தாத்தான் எனக்குக் கஷ்டம்," என்றான் கணவன். வீடு பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் நாத்தனார் மாடியில் சும்மா இருக்கவில்லை. அந்த வார்டில் தன்னோடு வேலை பார்த்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கூப்பிட்டாள். சிலர் வேலையை விட்டிருந்தார்கள், ஒருத்தி இறந்து போயிருந்தாள். பேசத் துணிந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரி நிர்வாகியைப் போய்ப் பார்த்தார்கள். அந்தக் காலத்துப் பதிவேடுகள் எதுவும் இல்லை, என்ன செய்வது என்று அவர் கையை விரித்தார்.

அன்று சாயங்காலம் நாத்தனார் கீழே வந்து, கட்டி வைத்த பெட்டி மேல் உட்கார்ந்தாள். அவள் கோபப்பட்டு வக்கீல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பதிவேடு இல்லையாம். அஞ்சு பேரு எதிர்ல நிக்கிறோம், அந்த ஆளு எங்களைப் பாத்துப் பதிவேடு இல்லைங்கிறான்," என்றாள். "அடுத்து யார்கிட்ட போகணும், சொல்லு."

வக்கீல் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.